தட்டு, கேள், திருத்து!

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே இருக்கிறது பிளவக்கல். அங்கே பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். 2025ஆம் ஆண்டில் பக்கத்துக் கூமாபட்டியைப் பற்றிய செல்போன் காணொளி ஒன்று தமிழ்நாடு முழுவதும் பரவியது நினைவிருக்கிறதா? அந்தப் பகுதிதான்.

அங்கே பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்வோம். பள்ளி ஆண்டு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவனுடைய நண்பன் தங்கள் ஊரைப் பற்றி ஒரு ராப் பாட்டு எழுதிவிட்டான். அதற்குத் தாளம், அதாவது 'பீட்', அமைத்துத் தரும் பொறுப்பு நம் மாணவனுடையது. அவனிடம் இருப்பது அக்காவின் பழைய செல்போன், இலவசமாகக் கிடைத்த ஒரு செயலி, ஒரு ஹெட்போன். இவ்வளவுதான்.

நான்கு இரவுகள் உட்கார்ந்து ஒரு பீட் செய்து முடித்தான். அம்மாவிடம் போட்டுக் காட்டினான். "நல்லா இருக்குடா தம்பி" என்றார் அம்மா. அக்கா, "சூப்பர்டா!" என்றாள். நண்பர்களுக்கு அனுப்பினான். கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன.

அடுத்த தெருவில் பெரியப்பா இருக்கிறார். நையாண்டி மேளத்தில் தவில் வாசிப்பவர். செல்போனைத் திண்ணையில் வைத்து, அவரைக் கேட்கச் சொன்னான். அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு சொன்னார்: "மூணாவது சுத்துல கை முந்துதுப்பா. அப்புறம், வலந்தலை மட்டும் பேசுது. தொப்பி பேசலையே?"

நம் மாணவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. 'பெரியப்பாவுக்கு ஹிப் ஹாப் என்ன தெரியும்?' என்று எண்ணிக்கொண்டான். இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

நண்பர்களே, இந்த மூவரில் அவனுக்கு உண்மையில் உதவியவர் யார்? இதற்கு விடை சொல்ல விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைப்போம்.

ஒலிபெருக்கி ஏன் ஊளையிடுகிறது?

பள்ளி விழாக்களில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். யாரோ ஒருவர் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னால் போய்விடுவார். உடனே 'ஊ...' என்று காதைத் துளைக்கும் ஊளை எழும். என்ன நடக்கிறது? பெட்டியிலிருந்து வரும் ஒலி ஒலிவாங்கிக்குள் நுழைகிறது, பெருக்கப்பட்டு மீண்டும் பெட்டி வழியே வருகிறது, மீண்டும் நுழைகிறது, மேலும் பெருகுகிறது. வெளியே வந்தது உள்ளே திரும்பிப்போய், இருப்பதையே கூட்டிக்கொண்டு போவதற்கு நேர்ப் பின்னூட்டம் என்று பெயர்.

இதற்கு எதிரான ஒன்றும் உண்டு. 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தின் பொறியாளர் ஹெரால்டு பிளாக் வேலைக்குப் போவதற்காகப் படகில் ஹட்சன் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார். தொலைபேசிப் பெருக்கிகளில் பேச்சு சிதைந்துபோவதை எப்படித் தடுப்பது என்பதுதான் பல ஆண்டுகளாக அவருடைய கவலை. படகிலேயே அவருக்கு ஒரு வழி தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அதைக் குறித்துக்கொண்டார். பெருக்கியிலிருந்து வெளிவரும் மின்குறிப்பில் ஒரு சிறு பகுதியை எடுத்து, தலைகீழாக்கி, உள்ளே வரும் குறிப்போடு சேர்ப்பது. அப்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, அதாவது பிழை, தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறது. இது எதிர்ப் பின்னூட்டம். இதனால் பெருக்கம் குறைகிறது; ஆனால் தெளிவு கூடுகிறது.

இப்போது திண்ணைக்குத் திரும்புவோம். 'சூப்பர்' என்பது இருப்பதையே பெருக்கும் சொல். கேட்க இனிமைதான். ஆனால் எதைத் திருத்துவது என்று அது சொல்லவில்லை. பெரியப்பாவோ எங்கே பிழை (மூன்றாவது சுற்றில்), எந்தத் திசையில் பிழை (முந்துகிறது), எது குறைகிறது (தொப்பி) என்ற மூன்றையும் சொல்லிவிட்டார். அது ஒரு அளவு. கருவியில்லாமல் எடுத்த அளவு!

கை முந்தியது எவ்வளவு?

மூன்றாம் நாள் நம் மாணவன் அந்த அளவைச் சரிபார்த்தான். அவனுடைய பீட் நிமிடத்துக்கு 90 தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 60 ÷ 90 = 0.667 விநாடி, அதாவது 667 மில்லி விநாடி. செயலியின் திரையில் காலத்தைக் கட்டம் கட்டமாகப் பார்க்கலாம். மூன்றாவது சுற்றில் தட்டுகள் கோட்டுக்கு 40 மில்லி விநாடி முன்னதாகவே விழுந்திருந்தன.

40 மில்லி விநாடியைக் காது கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்கும். சீராக ஒலிக்கும் தட்டுகளில் இடைவெளியின் சுமார் இரண்டரை விழுக்காடு மாறினாலே நம் காது உணரும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 667இல் இரண்டரை விழுக்காடு சுமார் 17. 40 என்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பெரியப்பாவின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஏன் முந்தியது? மூன்றாவது சுற்றில் பொடிப்பொடியாகப் பல தட்டுகளைச் சேர்த்திருந்தான். தட்டுகள் நெருங்கும்போது கை பரபரப்பது எல்லோருக்கும் நேர்வதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்பியில்லாத புளூடூத் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு திரையில் தட்டி இசை அமைக்காதீர்கள். பெரும்பாலானவற்றில் ஒலி காதுக்கு வந்து சேர 100 மில்லி விநாடிக்கும் மேல் ஆகிறது. உங்கள் கை ஒரு காலத்திலும் காது வேறொரு காலத்திலும் இருக்கும். இந்த வேலைக்குக் கம்பி உள்ள ஹெட்போனே நல்லது.

நம் மாணவன் எல்லாத் தட்டுகளையும் கோட்டின்மேல் நகர்த்தி வைத்தான். மறுநாள் பெரியப்பா, "இப்பச் சரி. ஆனா மில்லு ஓடுற மாதிரி இருக்கே" என்றார். ராஜபாளையம் நூற்பாலைகளின் பக்கம் போனவர்களுக்கு இது புரியும். அப்பழுக்கற்ற சமத்துவமும் இசையில் ஒரு குறைதான். ஆகவே பெரிய அடிகளைக் கோட்டிலேயே விட்டு, இடையில் வரும் பொடித் தட்டுகளை மட்டும் 15, 20 மில்லி விநாடி பின்னே தள்ளினான். பீட் நடக்கத் தொடங்கியது.

நடனக்காரர்களைக் கவனித்த இளைஞர்

ஹிப் ஹாப் இசையே இப்படிக் கவனித்துத் திருத்தியதில் பிறந்ததுதான் என்றால் வியப்பாக இருக்கிறதா?

1973 ஆகஸ்டு 11. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. 1520, செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு விருந்து. பள்ளி திறக்கப்போவதை ஒட்டிச் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஏற்பாடு செய்தது. இசைத்தட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ் கேம்ப்பெல். ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறியவர். 'கூல் ஹெர்க்' என்ற பெயரால் உலகம் இன்று அவரை அறியும். பாட்டில் பாடகர் நிறுத்தி, தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே நடனக்காரர்கள் காத்திருப்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். அந்தச் சில விநாடியை நீட்டினால் என்ன? ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் வைத்தார். ஒன்றில் அந்தப் பகுதி முடிந்ததும் மற்றதில் தொடங்குவார். தாளம் முடிவில்லாமல் சுழன்றது.

அவருக்குப் பின்னால் வந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். ஒரு தட்டிலிருந்து மற்றதற்கு மாறும்போது தாளம் இடறுவதை அவர் கவனித்தார். தட்டின்மேல் மெழுகுக் கோலால் அடையாளம் இட்டு, எத்தனை சுற்று பின்னால் திருப்ப வேண்டும் என்று கணக்கிட்டார். அடுத்த தட்டில் வரப்போவதைத் தாம் மட்டும் ஹெட்போனில் முன்கூட்டியே கேட்கும்படி ஒரு இணைப்பையும் அமைத்துக்கொண்டார். சபையின் காதுக்குப் போகும் முன் தம் காதால் சோதித்துவிடுவது! இடறல் நின்றது.

அந்த இசை உலகம் சுற்றித் தமிழுக்கும் வந்தது. மலேசியாவின் யோகி பி - நட்சத்திரா குழு 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டது. கோவையைச் சேர்ந்த 'ஹிப்ஹாப் தமிழா' ஆதி 2012இல் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்போடு வந்தார். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் சேர்த்தது.

தொப்பி ஏன் பேசவில்லை?

பெரியப்பா சொன்ன இரண்டாவது குறை இன்னும் தீரவில்லை. ஹெட்போனில் 'தும்ம்' என்று நெஞ்சில் இடித்த அடி, திண்ணையில் வைத்த செல்போனில் காணாமற் போனது ஏன்?

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டி.ஆர்.-808 என்ற தாளப் பொறி, ஹிப் ஹாப்பில் பேர்போனது. இன்றைய செயலிகளிலும் '808' என்ற பெயரில் அந்த நீண்ட தாழ்ந்த அடி கிடைக்கிறது. அதன் அதிர்வெண் சுமார் 50 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர்! இவ்வளவு தாழ்ந்த ஒலியை உரக்க எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். செல்போனின் ஒலிபெருக்கியோ நம் விரல் நகத்தளவுதான். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஏறத்தாழ ஊமை. ஹெட்போன் காதோடு ஒட்டியிருப்பதால் சிறிதளவு காற்றைத் தள்ளினாலே போதும்.

அப்படியானால் செல்போனில் கேட்பவர்களுக்குத் தாழ்ந்த அடியே கிடையாதா? இங்கேதான் காது ஒரு வேடிக்கை செய்கிறது. 100, 150, 200, 250, 300 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து ஒலித்தால், அவை எல்லாம் 50இன் மடங்குகள் என்பதை மூளை கண்டுகொள்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலி அங்கே இல்லாவிட்டாலும் அந்தச் சுருதியை நாம் உணர்கிறோம்! நெஞ்சில் இடிக்காது, ஆனால் அங்கே ஒரு தாழ்ந்த அடி இருப்பது புரிந்துவிடும். ஆகவே சுத்தமான 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்கி, அதன் மடங்குகளை எழுப்பிவிட வேண்டும். செயலிகளில் இதற்கென்றே வசதி உண்டு.

மடங்குகளின் அருமையை நம் நாட்டுத் தோல்கருவி செய்வோர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் ஒலிகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் இருக்கும். முழு எண் மடங்குகள் இல்லை. அதனால் தெளிவான சுருதியும் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையைப் பாருங்கள். நடுவே ஒரு கரிய வட்டம் இருக்கிறதல்லவா? சோற்றோடு ஒருவகைக் கரிய பொடியைப் பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடியும் பூசி உண்டாக்கியது அது. அந்தக் கூடுதல் எடை ஒலிகளை 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்கான மடங்குகளுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இதை விஞ்ஞான உலகுக்கு எடுத்துக்காட்டியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்; 1934இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி, எந்த இடம் அதிர்கிறது, எந்த இடம் அசையாமல் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கச் செய்தார்.

பூசுகிறவர் ஒருவர், வாசிக்கிறவர் வேறொருவர் என்பதையும் மறக்கக்கூடாது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்தவர் தஞ்சாவூரைச் சேர்ந்த பர்லாந்து. ஒருவர் வாசித்துச் சொல்வார். மற்றவர் திருத்தித் தருவார். அந்தப் புகழ்பெற்ற நாதத்தில் இருவர் காதும் இருக்கிறது. பர்லாந்து போன்ற கைவினைஞர்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார்.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஊர்க் கொடையில் தப்பு அடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் ஏறிய தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். சூட்டில் ஈரம் போய், தோல் இறுகி, சுருதி ஏறும். காட்டுவார்கள், தட்டுவார்கள், கேட்பார்கள். போதாதென்றால் மறுபடி நெருப்பிடம் போவார்கள். பிளாக்கின் தத்துவம் அந்த வைக்கோல் நெருப்பிலும் இருக்கிறது.

கருத்துக் கேட்பதும் ஒரு சோதனை

அப்படியானால் சொன்னவர் சொன்னபடியெல்லாம் மாற்றிக்கொண்டே இருக்கலாமா? கூடாது. எதிர்ப் பின்னூட்டத்திலும் ஒரு ஆபத்து உண்டு. திருத்தம் அளவுக்கு மீறினாலோ காலம் தாழ்த்தி வந்தாலோ, கருவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடத் தொடங்கிவிடும். பீட்டும் அப்படித்தான். இதைத் தவிர்க்கச் சில வழிகள்:

1. 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். 'நல்லா இருக்கு' என்ற பதில்தான் வரும். 'எந்த இடத்தில் உங்களுக்கு இடறியது?' என்று கேளுங்கள். கேட்பவர் கை தட்டிக்கொண்டே கேட்கட்டும். அவர் கை தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் நன்மை வந்தது என்று தெரியாது. பழைய வடிவத்தை அழிக்காமல், எண் போட்டு வைத்திருங்கள்.

3. ஒப்பிடும்போது இரண்டு வடிவங்களையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்யுங்கள். சற்று உரக்கக் கேட்பதையே நம் காது 'நன்று' என்று ஏமாந்து சொல்லிவிடும்.

4. மூன்று இடங்களில் கேளுங்கள்: ஹெட்போன், செல்போன், பெரிய ஒலிபெருக்கி. இரவு வெகுநேரம் கேட்டுக் களைத்த காதை நம்பாதீர்கள். காலையில் மறுபடி கேளுங்கள். ஹெட்போனில் உரப்பைக் குறைவாகவே வையுங்கள். காது போனால் திரும்ப வராது.

5. உண்மையிலேயே வேறுபாடு தெரிகிறதா என்று சோதியுங்கள். பழையதையும் புதியதையும் நண்பனுக்குப் பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். எதை முதலில் போடுவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். எது புதியது என்று அவன் சொல்ல வேண்டும். இப்படிப் பத்து முறை. வெறும் ஊகமாகச் சொன்னாலும் ஐந்து முறை சரியாக வரலாம். ஆனால் ஒன்பது அல்லது பத்து முறை ஊகத்தாலேயே சரியாக வருவதற்கான வாய்ப்பு 1024இல் 11தான், அதாவது சுமார் ஒரு விழுக்காடு. அப்படி வந்தால், வேறுபாடு உண்மை என்று நம்பலாம். எது மேல் என்பதைப் பிறகு கேளுங்கள்.

செய்து பாருங்கள்: சுவரோடு தாளம்

உங்கள் பள்ளி மைதானத்தில் நீண்ட சுவர் உள்ள கட்டடம் இருக்கிறதா? அதற்கு நேரே 85 மீட்டர் தள்ளி நின்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்டுங்கள். எதிரொலி வரும். இப்போது சீராகத் தட்டிக்கொண்டே வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். ஒரு வேகத்தில் எதிரொலி உங்கள் அடுத்த தட்டுக்குள் மறைந்துவிடும். அந்த வேகத்தில் 21 தட்டுத் தட்டுங்கள். முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை, அதாவது 20 இடைவெளிகளுக்கு ஆகும் நேரத்தை நண்பன் அளக்கட்டும். அது சுமார் 10 விநாடியாக இருக்கும். ஒரு இடைவெளி அரை விநாடி. அதற்குள் ஒலி போய்த் திரும்பிய தொலைவு 170 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்று வந்துவிட்டதல்லவா? நீங்கள் தட்டியது நிமிடத்துக்கு 120 தட்டு வேகம். சுவர் உங்களுக்குத் தாளம் சொல்லிக் கொடுத்துவிட்டது!

நம் மாணவன் என்ன ஆனான்? ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள், பள்ளி ஒலிபெருக்கியிலேயே பீட்டைப் போட்டுப் பார்த்தார்கள். அது ஏழாவது வடிவம். தாழ்ந்த அடியும் அதோடு வரும் பாஸ் இசையும் ஒன்றையொன்று மறைத்துக் குழம்புவது அங்கேதான் தெரிந்தது. ஒரே வாசலில் இருவர் சேர்ந்து நுழைவது போல, இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் முட்டிக்கொண்டன. பாஸில் அந்தப் பகுதியைக் குறைத்தான். சரியாகிவிட்டது. விழா நாளில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்று மாலை அடுத்த தெருவுக்குப் போனான். பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டார்.

"இப்பத் தொப்பி பேசுதுப்பா. ஆனா முடிவுல ஏதோ அவசரப்பட்ட மாதிரி இருக்கே?"

இந்த முறை நம் மாணவனின் முகம் சுருங்கவில்லை. செல்போனை எடுத்து, கடைசிச் சுற்றுக்குத் தள்ளி வைத்தான்.

"எந்த இடத்துல பெரியப்பா? கொஞ்சம் கை தட்டிக்கிட்டே கேளுங்க."